கருப்பட்டி பிஸ்கட்டும் புளியங்குடிக்காரர்களும்

புளியங்குடி மாமா பிஸ்கட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்துப் பார்த்தார். அது ஒடியவில்லை. வளைந்தது.

மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு எதிரே பாயில் உட்கார்ந்திருந்த தன் அக்காவைப் பார்த்தார். அந்த அம்மாள் கையில் இருந்த பிஸ்கட்டும் வளைந்துதான் இருந்தது.

"நமத்துப் போச்சு போலிருக்கே" என்றார் மாமா.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன. நான் செய்த பண்டத்தைக் குறை சொன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்கும் சுபாவம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதிலும் அந்தப் பிஸ்கட்டை. அதை அப்படி வளைய வைப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாமாவுக்கு நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். பிஸ்கட் வளைந்த கதையை முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் நான் பெருமை அடித்துக்கொள்வது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும், நியாயம் தெரியாது.

சாரல் காலத்துச் சமையல்

நான் பிறந்தது தென்காசியில், இடி விழுந்து பிளந்து நின்ற கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில். வாழ்க்கைப்பட்டது குற்றாலத்தில். வில்வண்டியில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர்தான். ஆனால் அடுப்படிக்கு அது வேறு தேசம்.

தென்காசியில் முறுக்குச் சுட்டால் அடுத்த வாரமும் முறுக்குதான். குற்றாலத்தில் ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால், காலையில் சுட்ட முறுக்கு சாயங்காலம் துணி மாதிரி கிடக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அப்பளம் சுட்டால் அடுப்பிலிருந்து இலைக்கு வருவதற்குள் தொங்கிவிடும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம்.

நமத்துப் போச்சு என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குப் பெரிய வசவு. பண்டத்தைச் சொல்வதுபோல் இருக்கும், சொல்வது நம்மைத்தான். மூடி வைக்கத் தெரியாதவள், சோம்பேறி, அடுப்பைச் சரியாக எரிக்காதவள் என்று எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக் கோமதி மதினி என் சீடையை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "பிள்ளைக்கு இன்னும் நம்ம ஊரு பிடிபடல்ல" என்று சொன்னாள். அன்றைக்கு நான் போட்ட சபதம்தான், அடுத்த சாரலுக்குள் குற்றாலத்தில் என் முறுக்கைப் போல மொறுமொறுப்பு எவள் வீட்டிலும் இல்லை என்று ஆக்கிக் காட்டினேன். அடுப்புக்கு மேலே உறி கட்டி, பானை வாயில் துணி சுற்றி, அதற்கு மேல் மூடி போட்டு வைப்பேன். கோமதி மதினியே வந்து கேட்டுப் போனாள்.

அப்படிப்பட்டவள்தான் வேண்டுமென்றே ஒரு பண்டத்தை நமக்க வைத்தேன். காரணம் என் கொழுந்தன் திருமலை.

தாடையில் கம்பி

எங்கள் வீட்டு ஆண்கள் ஒன்று வயலுக்குப் போவார்கள், இல்லை காக்கி போடுவார்கள். என் வீட்டுக்காரர் போலீசில் ஏட்டு. வீரகேரளம்புதூர் ஸ்டேஷனில் இருந்தார், வாரத்துக்கு ஒரு தடவை வந்து போவார். அவருக்கு இளையவன் திருமலை பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டினான். யுத்தம் வந்ததும் அவனை அஸ்ஸாம் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

போவதற்கு முன்பே புளியங்குடியில் பெண் பேசியிருந்தது. பெண் பேர் வடிவு. அவளுடைய அப்பாவுக்கு எலுமிச்சங்காய் கமிஷன் கடை. அவரைத்தான் நாங்கள் புளியங்குடி மாமா என்று சொல்வது. வாய்ப்பேச்சோடு இருந்தது, பரிசம் போடவில்லை. திரும்பி வந்ததும் போடலாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டோம்.

திருமலை திரும்பி வந்தான். ஆனால் போனவன் வரவில்லை. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அவனுடைய தாடை உடைந்துவிட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டி, பல மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். கம்பியை எடுத்தாயிற்று. இடது பக்கப் பல் ஒன்றுகூட இல்லை. முகம் கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கறி என்றால் எலும்பு வரைக்கும் கடிக்கிற பையன், பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

அவனால் மெல்லவே முடியாது என்றில்லை. வலது பக்கமாக ஒதுக்கி, மெதுவாக மெல்லலாம். ஆனால் வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வடையைக் கடிக்கப்போய் அது நழுவி மடியில் விழுந்து, எதிர்ப் பந்தியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றோடு அவன் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறப்பதை விட்டுவிட்டான். சாப்பிட மட்டும் அல்ல, பேசவும்தான்.

ஊர் சும்மா இருக்குமா? வாய் ஒட்டிப்போய்விட்டது, குழல் வைத்துக் கஞ்சி ஊற்றுகிறார்கள், இனி ஆறு மாதம்தான் என்று பேச்சு நடந்து நடந்து புளியங்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஆள் வந்து சொன்னான்: அடுத்த வாரம் பெரியவர்கள் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

பார்த்துவிட்டுப் போவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொள்வது.

"அவுக வாற அன்னைக்கு நான் தேனருவிக்குப் போயிருதேன்" என்றான் திருமலை. "என்னைக் காணல்லைன்னு சொல்லிருங்க."

"ஓடிப்போனாம்னு சொல்லவாலே?" என்று கேட்டாள் அத்தை. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் இறந்த பிறகு வயலையும் வீட்டையும் தனி ஆளாக இழுத்துப் பிடித்து நிறுத்தியவள். அவளுக்கு அழத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று மாட்டுத் தொழுவத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

குதிரைக்கு வைப்பது

திருமலையின் டிரங்குப் பெட்டியில் ஒரு தகர டப்பாவும் இரண்டு கறுப்புக் கட்டிகளும் இருந்தன. டப்பாவைத் திறந்து அத்தை கையில் அள்ளிப் பார்த்தாள்.

"இது என்னலே, உமியா?"

"ஓட்ஸும்மா. வெள்ளைக்காரன் கஞ்சி வச்சுக் குடிப்பான்."

என் வீட்டுக்காரர் அப்போது அங்கே இருந்தார். ஊரில் எதைப் பற்றிப் பேசினாலும் போலீஸ் சம்பந்தமாக ஒரு தகவல் வைத்திருப்பார். "பட்டணத்துல எங்க குதிரைப் போலீஸ்ல குதிரைக்கு இதத்தான் வைக்காக" என்றார்.

அத்தை டப்பாவை மூடிவிட்டாள். "குதிரை திங்கத எம்மவனுக்கு வைக்கவா?"

கறுப்புக் கட்டிகள் சாக்லேட். பட்டாளத்துச் சாக்லேட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அரிவாள்மணையில் வைத்துச் சீவினால்தான் வரும், கசப்பும் இனிப்புமாக இருக்கும்.

அன்று சாயங்காலம் திருமலை என்னிடம் மட்டும் மனதைத் திறந்தான். என்னிடம் அவனுக்குக் கூச்சம் கிடையாது.

"ஆஸ்பத்திரில மலையாளத்து நர்சு ஒருத்தி இருந்தா மதினி. அங்கன அடுப்படில செஞ்சு ஒரு பிஸ்கட்டுக் கொண்டாந்து தருவா. ஓட்ஸு, கொல்லாம்பருப்பு, சாக்லேட்டு எல்லாம் கெடக்கும். மொறுமொறுன்னு இருக்காது. மென்னா அதிரசம் மாரி இழுக்கும். ஒரு பக்கமா ஒதுக்கித் திங்கலாம், வலிக்காது."

பிறகு, "வார்டுல எல்லாரும் அதத்தான் தின்னோம். அந்நேரம் நானும் மத்தவுக மாரி இருந்தேன்" என்றான்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. எல்லோரும் முறுக்குத் தின்ன அவன் மட்டும் கஞ்சி குடித்தால் அவன் நோயாளி. எல்லோரும் தின்பதையே அவனும் தின்றால் அவன் மாப்பிள்ளை. புளியங்குடிக்காரர்கள் வரும்போது தட்டில் அந்தப் பிஸ்கட் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படிச் செய்வது என்று திருமலைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பிஸ்கட் என்றால் தென்காசிக் கடையில் கண்ணாடி ஜாடியில் இருப்பது என்ற அளவுக்குத்தான் என் ஞானம்.

மாட்டுக்குப் போன சத்து

முதலில் அடுப்பைச் சொல்கிறேன். பெரிய இரும்புச் சட்டியில் ஆற்று மணல் பரப்பி, அதன் நடுவில் கல் வைத்து, கல்லின் மேல் தட்டு வைத்து, இரும்பு மூடியால் மூடி, மூடிக்கு மேலும் சட்டிக்குக் கீழும் தணல் போடுவது. பாதிரிமார் பங்களாவில் சமையல்காரர்கள் அப்படித்தான் கேக் வேகவைப்பார்கள் என்று கேள்வி. சாரலில் விறகு புகைந்து கண்ணைக் கரித்ததால் சிரட்டையைக் கரியாக்கி அதை எரித்தேன். இலஞ்சியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது, சிரட்டைக்குக் குறைவில்லை.

ஓட்ஸை அளந்து வைத்துவிட்டு மணலைச் சலிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தை அதைக் களைந்துகொண்டிருக்கிறாள்.

"என்னத்த பண்ணுதீக?"

"எந்தத் தவசமானாலும் களையாம அடுப்புல ஏத்தலாமாட்டி? கல்லு மண்ணு கெடக்காதா?"

எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அரிசியோ பருப்போ கம்போ, மூன்று தண்ணீர் விட்டுக் களைவதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. களையாமல் உலையில் போடுகிறவளை வீட்டில் சேர்க்கமாட்டார்கள். முதல் தண்ணீர் பால் மாதிரி வந்தது. இரண்டாவதும் பால் மாதிரி வந்தது. மூன்றாவது தண்ணீருக்குச் சட்டியில் ஓட்ஸே பாதிதான் இருந்தது. அதுவும் வேட்டிக்குப் போடுகிற கஞ்சி பதத்தில் கையில் ஒட்டியது. களைந்த தண்ணீர் வழக்கம்போலக் கழனித் தொட்டிக்குப் போயிற்று. அன்று எங்கள் வீட்டில் சத்தான ஓட்ஸ் கஞ்சி குடித்தது மாடுதான்.

மிஞ்சியதைப் பிசைந்து தட்டில் வைத்து வேகவைத்தேன். செருப்புத் தோல் வந்தது. பின்பக்கம் எறிந்ததை ஒரு குரங்கு ஓடிவந்து எடுத்துக்கொண்டு சுவரில் ஏறியது. குற்றாலத்துக் குரங்குகள் சோப்புக் கட்டியைக்கூடத் தின்னும். அது முகர்ந்து பார்த்துவிட்டு, பிஸ்கட்டைச் சுவரின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த தடவை களையவில்லை. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரிகையில் திரித்த கோதுமை மாவு, வெண்ணெய், கூப்பனில் வந்த சீனி எல்லாம் போட்டுத் தணலைக் கூட்டி வைத்தேன். வாசனை தெரு முழுதும் போயிற்று. பிஸ்கட் பொன்னிறத்தில் வந்தது. தட்டினால் சத்தம் கேட்டது. கோமதி மதினி வந்து கடித்துப் பார்த்துவிட்டு, "சாரல்ல இப்படி மொறுமொறுன்னு ஒண்ணு நான் பாக்கவே இல்லை" என்றாள்.

திருமலை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். நான் எட்டிப் பார்த்தேன். வலது பக்கம் வைத்து அழுத்திப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெதுவாக வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"நல்லாருக்கு மதினி" என்றான்.

அந்த நல்லாருக்கு என்னைக் கொன்றுவிட்டது. கோமதி மதினியின் பாராட்டை நான் எத்தனை வருஷமாகக் கனவு கண்டிருக்கிறேன். அது கிடைத்த நாளில் எனக்கு அடுப்பையே உதைத்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது.

அதிரசம் ஏன் வளைகிறது

டப்பாவில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் ஓட்ஸ் இருந்தது. தென்காசி மருந்துக் கடையில் கேட்டால், யுத்தம் முடியட்டும் என்றார்கள். சீனியும் தீர்ந்துவிட்டது. புளியங்குடிக்காரர்கள் வருவது மறுநாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கு எனக்கு வராது. ஆனால் ஒரு பண்டத்தை வாயில் போட்டால் அதில் என்ன, எந்தப் பதம், எவ்வளவு நேரம் என்று நாக்கு சொல்லிவிடும். அன்று நாக்கு பேசவில்லை. அதனால் உட்கார்ந்து யோசித்தேன்.

திருமலை அதிரசம் மாதிரி என்று சொன்னானே. அதிரசம் ஏன் வளைகிறது? முறுக்கு ஏன் ஒடிகிறது? அதிரசத்துக்குப் பாகு ஊற்றுகிறோம். பாகு உள்ளே போய் இறுகாமல் பிடித்துக்கொள்கிறது. அதிலும் சீனிப் பாகு அல்ல, வெல்லமோ கருப்பட்டியோ. சாரல் நாளில் கருப்பட்டிப் பானையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு கசியும். அதனால்தானே அதற்கும் துணி கட்டுகிறோம்?

எழுந்துவிட்டேன். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த நல்ல கருப்பட்டி வீட்டில் இருந்தது. அதைத் தட்டிப்போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, அதிரசப் பதத்துக்கு ஒரு பதம் முன்னால் இறக்கினேன். வாசகிகளில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருப்பீர்கள், அதனால் அளவையும் எழுதிவிடுகிறேன். ஓட்ஸ் ஒரு உழக்கு, கோதுமை மாவு அதில் பாதி, பாகும் பாதி. எலுமிச்சங்காய் அளவில் இரண்டு உருண்டை வெண்ணெய். ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போது ஓட்ஸில் ஊற்றிப் பிசறிக் கொஞ்ச நேரம் ஊற வைக்க வேண்டும். ஓட்ஸைக் களையாதீர்கள். கொல்லாம்பருப்பை, அதுதான் முந்திரிப் பருப்பு, வறுத்து ஒன்றிரண்டாக உடைத்துப் போடுங்கள். எங்களுக்கு அது செங்கோட்டை வழியாக மலையாளத்திலிருந்து வரும். திருமலைக்காக நான் இன்னும் பொடியாக நறுக்கினேன். சாக்லேட்டைச் சீவல் சீவலாகக் கடைசியில் சேர்க்க வேண்டும், சூட்டோடு சேர்த்தால் கரைந்துவிடும்.

முட்டை சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம். அன்று வெள்ளிக்கிழமை, அத்தை விடவில்லை. பாகே பிடித்துக்கொண்டது.

வாட்டிய வாழையிலையைத் தட்டில் விரித்து, சின்னச் சின்ன வட்டமாகத் தட்டி வைத்தேன். தணலைக் குறைத்தேன். ஓரம் சிவந்து நடுப்பகுதி இன்னும் மெத்தென்று இருக்கும்போதே இறக்கிவிட்டேன். வேகவில்லை என்று அத்தை சொன்னாள். வெந்தது போதும் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் குற்றாலத்தில் எந்தப் பெண்ணும் செய்யாதது. ஆறிய பிஸ்கட்டைப் பானையில் போடவில்லை. மூடவில்லை. அகலமான சுளகில் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, சாரல் காற்று வருகிற ஜன்னலுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தேன்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? நமத்துப் போவும்" என்றாள் அத்தை.

"நமக்கட்டும் அத்தை."

மறுநாள் காலையில் திருமலையைக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தேன். வாயில் போட்டு ஒதுக்கினான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். விழுங்கிவிட்டுக் கையை நீட்டினான். நான் இன்னொன்று கொடுத்தேன். இந்தத் தடவை நல்லாருக்கு என்று அவன் சொல்லவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன், பக்கத்தில் அத்தை நின்றாள்.

"இன்னைக்குத் தேனருவிக்குப் போவணுமா தம்பி?" என்று கேட்டேன்.

"மழையா இருக்கு மதினி" என்றான்.

கை நனைக்க மாட்டார்கள்

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலை போட்டுச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். அதனால் பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ போகிறவர்கள் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பிஸ்கட் வெற்றிலை மாதிரி காய்ந்த பண்டம், அதை எடுப்பதில் தோஷமில்லை என்று அத்தையிடம் நான் வாதாடி வைத்திருந்தேன். அத்தை யோசித்துவிட்டு, "சரிட்டி, வையி" என்றாள்.

மாமாவும் அவருடைய அக்காவும் மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். அத்தை இலை போடட்டுமா என்று கேட்டாள். "அதெல்லாம் வேண்டாம், ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் மாமா. காப்பியும் வேண்டாம் என்றார். வெள்ளை வெளேர் என்று வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு.

திருமலை கூடத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த அக்கா அவன் முகத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பக்கத்தில் வைத்திருந்த ஓலைப்பெட்டியைத் திறந்து அவன் முன்னால் நகர்த்தினார். உள்ளே முறுக்கு.

"வடிவோட அம்மா சுத்திக் குடுத்துவிட்டா. மாப்பிளைக்கு முறுக்குன்னா உசுருன்னு முன்னால சொன்னாகளே. ஒண்ணு எடுத்துச் சாப்பிடட்டும்."

குரலில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அது சோதனை என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். திருமலையின் பார்வை பின்வாசல் பக்கம் போயிற்று. என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவருக்குக்கூடப் போலீஸ் தகவல் ஒன்றும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

நான் யாரும் கூப்பிடாமலே தட்டைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்குப் போனேன். மாமாவுக்கும் அக்காவுக்கும் நீட்டினேன், பிறகு வீட்டுக்காரருக்கு, பிறகு திருமலைக்கு. எல்லோரும் ஒவ்வொன்று எடுத்தார்கள். அப்போதுதான் மாமா ஒடித்துப் பார்த்து, நமத்துப் போச்சு போலிருக்கே என்றார்.

"நமத்துப் போகல்ல மாமா. நமக்க வச்சிருக்கேன்" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "பிஸ்கட்ட எதுக்கு நமக்க வைக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பதில் அல்ல. நான் திருமலையைப் பார்த்தேன்.

"எனக்காகத்தான்" என்றான் திருமலை.

பந்தியில் வடை விழுந்த நாளுக்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் அவன் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்சம் குழறிற்று. அவன் நிறுத்தவில்லை.

"இந்தப் பக்கம் பல்லு இல்ல. முறுக்கெல்லாம் இனிமே என்னால கடிக்க முடியாது. சோறு திம்பேன், கறி குழைய வெந்தா அதுவும் திம்பேன். மெதுவாத்தான் திம்பேன். லாரி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவ்வளவுதான். இதுல மறைக்கதுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குச் சரிப்படல்லன்னா இங்கனயே சொல்லிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன்."

சொல்லிவிட்டு, கையில் இருந்த பிஸ்கட்டை எல்லோரும் பார்க்கக் கடித்து, வலது பக்கம் ஒதுக்கி, மெல்ல ஆரம்பித்தான். அவசரப்படவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றான். நான் பெற்ற பிள்ளைகள் பின்னாளில் படித்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள், எல்லாவற்றுக்கும் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் திருமலை அன்று மென்றதைப் பார்த்து நின்ற பெருமை அதற்கெல்லாம் மேலே.

மாமா கையில் இருந்ததை வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். கருப்பட்டி நாக்கில் பட்டதும் புருவம் உயர்ந்தது. இன்னொன்று எடுத்தார். அக்காவும் எடுத்தார். அந்தக் கூடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி, மெதுவாக, வாயை அசைத்து அசைத்து மென்றுகொண்டிருந்தோம். யார் மெதுவாகத் தின்கிறார் என்று சொல்ல முடியாது.

"இதுல கருப்பட்டியா போட்டிருக்கே, தாயி?" என்று கேட்டார் மாமா.

"ஆமா மாமா."

தட்டு காலியாயிற்று. மாமா வெற்றிலைத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். விரல் ஐந்திலும் பாகும் சாக்லேட்டும் அப்பியிருந்தது. வேட்டியைப் பார்த்தார், வெள்ளை. துண்டைப் பார்த்தார், ஜரிகை. கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கொண்டா தாயி" என்றார்.

நான் திரும்புவதற்குள் அத்தை செம்போடு வந்துவிட்டாள். எப்போது எழுந்தாள், எப்போது மொண்டாள் என்று யாரும் பார்க்கவில்லை. மாமாவை முற்றத்து ஓரத்துக்கு அழைத்துப்போய் அவர் கையில் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு கையும் நன்றாக நனைகிறவரை காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல கை நனைச்சாச்சு" என்றாள்.

மாமா அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பதா கோபிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. தலையைத் திருப்பிக் கூடத்தில் இருந்த தன் அக்காவைப் பார்த்தார்.

அந்த அம்மாள் விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியை நிதானமாக நக்கி முடித்தார். முறுக்குப் பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார். எழுந்து தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்று, அத்தையிடம் கையை நீட்டினார்.

"எனக்கும் ஊத்துங்க மதினி."